மரியாதையாகப் பேசிய தம்பி

அத்தியாயம் ஐந்து

தம்பி தினமும் போன் பண்ணுகிறான், ஆனால் அவனைக் காணவில்லை என்று ஒருத்தி புகார் கொடுத்தால் போலீஸ் ஸ்டேஷனில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் தன் வீட்டுக்குத் தானே பெரியவளாக இருந்த அந்தப் பெண், தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். எதிர்ப்பக்கத்துக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. 'துப்பறியும் நிறுவனம். ரகசியம் காக்கப்படும்' என்று தெருக்கோடி வரை தெரியும்படி சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

நிறுவனம் என்றால் இரண்டு பேர். ஒருத்தி துப்பறிவாள், இன்னொருத்தி பேசுவாள்.

துப்பறிகிறவள் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்யான விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அந்த வேலையை அவள் கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் செய்தாள். மேலதிகாரியின் மச்சானுக்கு நடந்த விபத்தும் பொய் என்று கண்டுபிடித்த மறுநாள் அவளை மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். பேசுகிறவள் அவளுடைய நாத்தனார். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவள். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொன்னதால் அந்த வேலை போயிற்று. பட்டாசு என்று அவளுக்குப் பெயர் வைத்தது கூடப்பிறந்த அண்ணன்தான். அவள் எந்நேரமும் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், அந்தக் கட்டிடமே துப்பறிகிறவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. லிப்ட் ரிப்பேர்காரருக்கு அவள் மகள் வயதுதான் இருப்பாள். அவருக்கும் அவள் அண்ணிதான்.

வந்தவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். எல்லாரும் டீச்சர் என்பார்கள் என்றாள். உட்கார்ந்தவுடன் இல்லாத பிரேக்கைத் தேடுவது போல வலது கால் தரையை ஒருமுறை மிதித்துப் பார்த்தது. பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

அவள் தம்பி டப்பிங் கலைஞன். வெளிநாட்டுப் படங்களில் மலையுச்சியிலிருந்து குதிக்கிற ஆசாமிகள் நம் மொழியில் "கவலைப்படாதே" என்று சொன்னால் அது அவன் குரல். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது டீச்சர்தான். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருநாள், வெளிநாட்டில் பெரிய கார்ட்டூன் தொடருக்குப் பேசப் போகிறேன் என்று கிளம்பினான். அதற்கப்புறம் ஆளைப் பார்க்கவில்லை. வீடு பூட்டியிருந்தது. தினமும் போன் மட்டும் வந்தது. முகம் பார்த்துப் பேசலாம் என்றால் நெட் சரியில்லை என்றான்.

அண்ணி கேட்டாள், போனில் வருவது தம்பியின் குரல்தானா என்று. டீச்சர் கைப்பையிலிருந்து மொபைலை எடுத்து, பதிவு செய்து வைத்திருந்த ஒரு பேச்சைப் போட்டுக் காட்டினாள்.

ஆழமான, வெதுவெதுப்பான குரல். "அக்கா, சாப்டியா?" என்றது. டீச்சர் அதில் தன் மாணவர் ஒருவர் வண்டியைப் பூக்கடைக்குள் விட்ட கதையை நீளமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவள் முடித்தபின் சிறிது அமைதி. பிறகு குரல், "பாவம்க்கா நீ. உடம்பப் பாத்துக்கோ" என்றது.

டீச்சர் போனை அணைத்தாள்.

"குரல் அவனோடதுதான் மேடம். மரியாதைதான் அவனோடது இல்ல. என் தம்பி பொறந்ததுலேர்ந்து என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்ல. இவன் நான் சொல்லி முடிக்கற வரைக்கும் காத்திருந்து பதில் சொல்றான்."

"அண்ணி, யாரோ தூக்கிட்டுப் போய் திருத்திருக்காங்க" என்றாள் பட்டாசு. "எந்த இடம்னு விசாரிங்க. எங்கண்ணனையும் அனுப்பலாம்."

டீச்சர் சிரிக்கவில்லை. அவனை யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றும், தான் தேடாமல் இருப்பதற்காகத் தினமும் அவன் குரலில் தனக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள் என்றும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அண்ணி அந்தப் பதிவை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். பட்டாசு ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் பயனில்லை. கீழே பஸ்களும் லாரிகளும் தங்கள் கருத்துகளைச் சொல்லிக்கொண்டே இருந்தன.

"இந்தப் போன்ல பின்னாடி என்ன சத்தம் கேக்குது?" என்றாள் அண்ணி.

பட்டாசு காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமே கேட்கவில்லை என்றாள். ஒரு ஹாரன் இல்லை, மின்விசிறி இல்லை, பக்கத்து வீட்டு மிக்ஸி இல்லை. இந்த ஊரில் இவ்வளவு அமைதியான இடம் இரண்டுதான், ஒன்று கல்லறைத் தோட்டம், இன்னொன்று ரெக்கார்டிங் ஸ்டூடியோ என்றவள், டீச்சரின் முகத்தைப் பார்த்து முதலாவதை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

வெளிநாட்டிலும் ஸ்டூடியோ உண்டே என்றாள் டீச்சர். அண்ணி அதை மறுக்கவில்லை. வேறொன்று கேட்டாள். தம்பி வீட்டில் பேசும்போது இந்தக் குரலில்தான் பேசுவானா?

யோசிக்க யோசிக்க டீச்சரின் முகம் மாறியது. இல்லை. வீட்டில் அவன் குரல் இப்படி இருக்காது. கொஞ்சம் மூக்கால் பேசுவான், அவசரத்தில் பாதி வார்த்தையை முழுங்குவான். இது அவன் மைக் முன்னால் பேசும் குரல். படத்தில் கேட்டுக் கேட்டுப் பழகியதால் தனக்கு வித்தியாசம் உறைக்கவே இல்லை.

"அப்ப இவனுக்கு உங்க தம்பிய வேலை செய்யற இடத்துலதான் தெரியும், வீட்ல தெரியாது. கூடத் தொழில் பண்றவன்" என்றாள் அண்ணி.

பட்டாசு இன்னொரு சந்தேகத்தையும் எடுத்து வைத்தாள். கேள்வி கேட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லும் ஆண்பிள்ளையைத் தான் இதுவரை பார்த்ததில்லை, அதனால் இது கண்டிப்பாகப் போலி என்றாள். அண்ணி வழக்கமாக அவள் ஜோக்குகளுக்குக் காது கொடுப்பதில்லை. இந்த முறை அந்த இடைவெளியை மட்டும் மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள்.

போன் எப்போது வரும் என்று கேட்டதற்கு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான், ஒருநாளும் தவறியதில்லை என்றாள் டீச்சர். கொலைகாரன் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஓய்வாக இருக்கிறான் என்றால் அவன் எங்கேயோ ஒழுங்காக வேலைக்குப் போகிறான் என்று பட்டாசு கணக்குப் போட்டாள்.

தம்பியின் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூவரும் டீச்சரின் காரிலேயே கிளம்பினார்கள். பட்டாசுக்கு லைசென்ஸ் இருப்பதாகப் பேச்சு. அவள் ஓட்டினாள். கூரையில் 'ஓட்டப் பழகுபவர்' என்ற பலகை, பக்கத்து சீட்டில் டீச்சர், டீச்சரின் காலடியில் இன்னொரு பிரேக். முதல் சிக்னலுக்கு முன்பே அந்தப் பிரேக் பலமுறை விழுந்தது. கண்ணீரை ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் கியரைச் சரி செய்தாள் டீச்சர். லைசென்ஸை யார் கொடுத்தது என்று விசாரித்தாள். பின்சீட்டில் அண்ணி இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனியில் தான் பார்த்த பைல்களை எல்லாம் நினைத்துக்கொண்டாள்.

தம்பியின் வீடு வரை போகத் தேவைப்படவில்லை. பெட்ரோல் போட நின்ற இடத்தில், சுவரில் மாட்டியிருந்த டிவியில் ஒரு மின்விசிறி விளம்பரம் ஓடியது. ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தது. "காற்று மட்டுமல்ல... நம்பிக்கையும்" என்றது ஆழமான, வெதுவெதுப்பான குரல்.

டீச்சர் பிரேக்கை அழுத்தினாள். வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

பெட்ரோல் போடுகிறவரிடம் அண்ணி விசாரித்தாள். புது விளம்பரம், இப்போதுதான் வர ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுத் தலை வலிக்கிறது என்றார் அவர். தம்பியோ மழைக்கு முன்பே வெளிநாடு போனவன்.

"ஆளை முடிச்சுட்டு அவன் குரல்ல காத்தும் விக்கறான் பாருங்க" என்றாள் பட்டாசு, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பிறகு அவள் தன் உண்மையான திறமையைக் காட்டினாள். மின்விசிறிக் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். தன் வீட்டு மின்விசிறி சுற்றவில்லை என்று ஆரம்பித்து, சுற்றாவிட்டாலும் பரவாயில்லை, அந்த விளம்பரக் குரலைக் கேட்டாலே வீடு குளிர்ந்துவிடுகிறது என்று உருகி, தன் தங்கை மகளும் இப்படிப் பேசப் பழக ஆசைப்படுகிறாள், எங்கே பதிவு செய்தார்கள் என்று கேட்டாள். இல்லாத தங்கை மகளின் படிப்பு, குணம், தொண்டைப் பராமரிப்பு எல்லாவற்றையும் அந்த முனையில் இருந்தவர் கேட்டுத்தான் தீர வேண்டியிருந்தது. கடைசியில் போனை வைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்து, ஸ்டூடியோவின் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டார். மின்விசிறியைப் பற்றி இருவருமே மறந்துபோனார்கள்.

ஸ்டூடியோ ஒரு பழைய வீட்டின் தரைத்தளம். சுவரெல்லாம் முட்டை அட்டை போன்ற பஞ்சுப் பலகை. உள்ளே நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பட்டாசு, வாஷிங் மெஷின் விளம்பரத்துக்குக் குரல் சோதனைக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்து, பேய்ப் படம் ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்கள், அதற்கு வேண்டுமானால் சொல்லட்டுமா என்று அன்பாகக் கேட்டாள். ஊரில் தனக்கு இணையாக இன்னொருத்தி இருப்பதைப் பட்டாசு அன்றுதான் தெரிந்துகொண்டாள். சாப்பாட்டு இடைவேளை, சவுண்ட் இன்ஜினியர் வரும்வரை தாழ்வாரத்தில் உட்காருங்கள் என்றாள் வரவேற்பு.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒல்லியான ஒருத்தர் வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். தாழ்வாரத்தில் கிடந்த செருப்புகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து, மூன்று பெண்களுக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டார். நம்ம வில்லன் சார், ரொம்ப சாது, ஊரிலுள்ள எல்லாக் கெட்டவனுக்கும் இவர்தான் குரல் என்றாள் வரவேற்பு.

டீச்சரின் விரல்கள் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தன. இவனைத் தெரியும் என்றாள். தம்பி சொல்லியிருக்கிறான். ஒரே ஒரு படத்திலாவது ஹீரோவுக்குப் பேச வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்படுகிறவன். தம்பி இருக்கும்வரை அது நடக்கவே இல்லை.

அண்ணி எழுந்தாள். ஒலிப்பதிவு அறையின் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருந்தது. எட்டிப் பார்த்தாள். பாதி இருட்டில் ஒரு மைக். அதன்முன் வில்லன் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். பாட்டுப் புத்தகம் வைக்கும் தாங்கியில் ஒரு மொபைலைச் சாய்த்து வைத்து, எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

தாழ்வாரத்தில் டீச்சரின் கைப்பை அதிர்ந்தது. திரையில் தம்பியின் பெயர்.

பட்டாசு தன் பையிலிருந்து காரின் ஸ்டியரிங் பூட்டை எடுத்தாள். முழங்கை நீள இரும்பு. அது எப்போது பைக்குள் போனது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அண்ணி அவளைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, போனை எடுக்கும்படி டீச்சருக்குச் சைகை காட்டினாள்.

டீச்சர் கண்ணாடிக்கு வெளியே நின்று போனைக் காதில் வைத்தாள்.

உள்ளே அந்த ஒல்லி மனிதரின் உதடுகள் அசைந்தன. கதவு வழியாக ஒரு சத்தமும் வரவில்லை. காதில் தம்பியின் குரல், "அக்கா, சாப்டியா?" என்றது. உதடு அங்கே, குரல் இங்கே. ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தியது. தம்பியின் படங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள் டீச்சர். திரையில் யாரோ ஒருத்தன் தம்பியின் குரலில் பேசுவதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். இப்போது அந்த உதடுகளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி அவள் காதோரம் குனிந்தாள்.

"தம்பிக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது கேளுங்க. வேற யாருக்கும் தெரிஞ்சிருக்கக் கூடாது."

டீச்சர் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு, பாடம் எடுக்கும்போது பேசுகிற தெளிவான குரலில் கேட்டாள்.

"சின்ன வயசுல எனக்கு முழங்கை உடைஞ்சுதே, எப்படி உடைஞ்சுது சொல்லு."

வில்லனின் உதடுகள் நின்றன. முகத்தில் ஒன்றுமே இல்லை. பட்டாசு இரும்பை உயர்த்தினாள். மாட்டிக்கொண்டான் என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. ஆனால் அண்ணி அந்த முகத்தைப் பார்க்கவில்லை. கண்களை மட்டும் பார்த்தாள். அவை போனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில், கொஞ்சம் உயரத்தில் எதையோ பார்த்துக் காத்திருந்தன. பிறகு இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தன. மறுபடி இடப்பக்கம் வந்து, மறுபடி நகர்ந்தன.

காதில் குரல் வந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்த. வீட்ல அப்படித்தான் சொன்னோம்." ஒரு இடைவெளி. "நெசத்துல என்னைத் தோள்மேல தூக்கிட்டு பக்கத்து வீட்டுச் சுவர் ஏறின. விழும்போது எனக்கு அடிபடாம இருக்க நீ கையக் கீழ குடுத்த."

டீச்சர் சுவரில் சாய்ந்தாள். பட்டாசு இரும்பைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தாள். அப்பா அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று, போனைக் கையால் பொத்திக்கொண்டு, டீச்சர் முணுமுணுத்தாள். இவனுக்கு எப்படித் தெரியும்? கட்டிப்போட்டு அடித்துக் கேட்டானா?

"கட்டிப்போட்டு அக்காவோட முழங்கையப் பத்தியா கேப்பாங்க?" என்றாள் அண்ணி. "அந்த ஆள் பேசல டீச்சர். படிக்கறாரு. சுவத்துல திரை இருக்கு. யாரோ எழுதி எழுதிப் போடறாங்க, இவர் வாசிக்கறாரு. உங்க தம்பி காத்திருந்து பதில் சொன்னது மரியாதையால இல்ல. டைப் அடிக்க நேரமாகும்ல."

டப்பிங் பேசுகிறவர்களுக்கு வசனம் காட்டுகிற திரை அது. வசனத்தை ஏற்றுவது பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து. அண்ணி ஒலிப்பதிவு அறைக் கதவைத் தொடவே இல்லை. நேராகப் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே விசைகளும் விளக்குகளும் நிறைந்த நீண்ட மேஜைக்குப் பின்னால், சாப்பாட்டு டப்பாவோடு சவுண்ட் இன்ஜினியர் எழுந்து நின்றார். அவர் பக்கத்தில் விசைப்பலகை முன்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மெலிந்துபோயிருந்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கதவு திறந்த சத்தத்தில் திரும்பியவன், வாசலில் அக்காவைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கழுத்தை மூடிக்கொண்டான்.

டீச்சரின் கையிலிருந்த போனில், "அக்கா, லைன்ல இருக்கியா?" என்று தம்பியின் குரல் கேட்டது. இரண்டு அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடி இருந்தும், திரையையே பார்த்துக்கொண்டிருந்த வில்லனுக்கு இங்கே நடப்பது தெரியவில்லை. வசனம் வராததால் சொந்தமாகச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர்தான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். தம்பிக்குத் தொண்டையில் புற்று வந்தது. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்திலிருக்கும் துளை வழியாக மூச்சு. தங்குவது மாடி அறையில். ஆபரேஷனுக்கு முன்பே வில்லனை வரவழைத்து, தன் குரலைச் சொல்லிக்கொடுத்தான். பாதியில் நின்ற மின்விசிறி விளம்பரங்களையும் அவரிடமே கொடுத்தான். முதலில் வில்லன் மாட்டேன் என்றார். இத்தனை வருடமாக ஊரை ஏமாற்றிப் பேசியிருக்கிறேன், அதெல்லாம் படத்தில், ஒரு அக்காவை ஏமாற்ற எனக்கு வராது என்று அழுதாராம். ஊரிலேயே கொடூரமான சிரிப்புக்குச் சொந்தக்காரர்.

தம்பி எழுந்திருக்கவில்லை. அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு கையால் கழுத்தை மறைத்துக்கொண்டு, மறு கையால் தட்டினான். மேஜையிலிருந்த சின்னத் திரையிலும், கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு அறையின் திரையிலும் ஒரே நேரத்தில் எழுத்துகள் வந்தன.

அப்பாவுக்கும் இதுதானே வந்துச்சு. அன்னிக்கு நீதான் சொன்ன. இன்னொரு தடவை இதப் பாக்க என்னால முடியாதுன்னு.

திரையில் வசனம் வந்துவிட்டதைப் பார்த்த வில்லன், நிம்மதியாக மைக்கை நெருங்கி அதை வாசித்தார். அறையிலிருந்த ஒலிபெருக்கியில் அந்த ஆழமான, வெதுவெதுப்பான குரல், தம்பியின் வாய் மூடியிருக்க, அவன் சொன்னதை எல்லாருக்கும் சொன்னது. பாதியில்தான் வில்லனுக்கு எதைப் படிக்கிறோம் என்று உறைத்தது. ஆனால் தொழில் பக்தி. எடுத்த வரியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். பிறகு கண்ணாடி வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அங்கே நிற்பவள் யார் என்று புரிந்து, மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அவர் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் அது முடிகிற காரியமில்லை.

பட்டாசு சிரிக்க வாய் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. தன் துப்பட்டாவின் நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஏசி தூசி என்றாள் யாரும் கேட்காமலே.

டீச்சர் தம்பியிடம் நடந்துபோனாள். அவன் கழுத்தை மூடியிருந்த கையைப் பிடித்து விலக்கினாள். அவன் விடவில்லை. அவளுக்கு முரண்டு பிடிக்கிற கையைப் பற்றி நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தவர்களின் விரல்களைப் பிரித்தெடுத்தவள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். வெள்ளைத் துணியை இறக்கினாள். அங்கே இருந்ததைப் பார்த்தாள். அவசரப்படாமல், நன்றாகவே பார்த்தாள். மூச்சு போய் வருவதையும் பார்த்தாள். பிறகு துணியை இருந்த இடத்தில் ஏற்றிவிட்டு, ஓரத்தைச் சரி செய்தாள்.

"பாத்தாச்சு" என்றாள். "முடியாதுன்னு சொன்னேன். சொல்றதெல்லாம் நிஜமாடா? தினம் நூறு பேரப் பாத்து இனிமே உனக்கு வண்டி சொல்லித் தரமாட்டேன்னு சொல்றேன். மறுநாள் சொல்லித் தரலையா?"

தம்பியின் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்று. அவன் விசைப்பலகையை இழுத்துத் தட்ட ஆரம்பித்தான். முதல் வார்த்தை திரையில் தெரிந்ததுமே, பழக்க தோஷம், ஒலிபெருக்கியில் வில்லனின் குரல் "அக்கா..." என்று தொடங்கியது.

டீச்சர் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை.

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா. உனக்கு அப்புறமா நன்றி சொல்றேன். இவன் பேசட்டும். நான் படிச்சுக்கறேன்."

வில்லன் மைக்கை அணைத்துவிட்டு, கைகட்டி நின்றார். டீச்சர் ஒரு நாற்காலியைத் தம்பியின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையைத் துழாவி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அண்ணி, இன்ஜினியரையும் பட்டாசையும் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்தில் பல் தேய்க்கும் பேஸ்ட் விளம்பரத்துக்காக ஒரு கும்பல் வந்து நின்றுகொண்டிருந்தது. தாடி வைத்த ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, இது தங்கள் நேரம், உள்ளே யார், எவ்வளவு நேரமாகும் என்று இன்ஜினியரிடம் கேட்டார். இன்ஜினியர் அண்ணியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சுவரிலிருந்த ஒரு சுவிட்சைத் தட்டினார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம்.

"ரெக்கார்டிங் போகுது சார்" என்றாள் அண்ணி. "இப்பதான் முதல் டேக். ரொம்ப நேரமாகும், உக்காருங்க."

தாடிக்காரர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.